தீப்பெட்டி இல்லாமல் போன விறகடுப்புச் சமையல்: மல்லாங்கிணறு தாண்டி ஒரு தோட்டத்தில்

வெளியே தங்கும்போது விறகடுப்பில் சுலபமாக என்னென்ன சமைக்கலாம், சின்னப் பிள்ளையோடு போனால் சமாளிக்க முடியுமா என்று போன பதிவின் பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நாங்கள் சமைத்தோம். ஆனால் முதல் சோறு அடுப்பை விட்டு இறங்கியபோது மத்தியானம் மணி மூன்றேகால். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

முதலில் போன காரணம். என் மகள் தர்ஷினிக்கு நாலு வயது. அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பசி மட்டும் திரும்பி வரவில்லை. காலையில் பால், மத்தியானம் பாலும் பிஸ்கட்டும், ராத்திரி பிஸ்கட்டும் பாலும். பதினாலரைக் கிலோ இருந்தவள் பதின்மூன்றுக்கு வந்துவிட்டாள். டாக்டர், "ஒண்ணும் இல்லம்மா, தானா சாப்பிடுவா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி, வாசல், குளியலறை என்று அவள் பின்னாலேயே அலைந்தேன். ராத்திரி அவள் தூங்கிய பிறகு விலா எலும்பைத் தடவித் தடவிப் பார்ப்பேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், பார்த்தால் திட்டுவார் என்று போர்வையைச் சரிசெய்வதுபோல.

இவருடைய அக்கா, அதாவது என் மதினி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊர்ப் பேச்சில் அது பயராபீஸ். மதினியின் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். தீபாவளி சீசன் முடிந்தால் ஆபீஸ்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் லீவு. அந்த லீவில் வீட்டுக்கு வந்த மதினி, நான் தட்டோடு ஓடுவதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்.

"வீட்டுக்குள்ளயே போட்டு அடைச்சு வச்சிருந்தா பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும்? எங்கனயாச்சும் போயி அடுப்பு மூட்டிச் சோறாக்கித் திம்போம். ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம்."

பாம்பு, கிணறு, கொசு, மழை என்று நான் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தர்ஷினி உருப்படியாக ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால், ஆறே முக்கால் பஸ்ஸில் நானும் அவளும் வீடு திரும்பிவிடுவோம். யாரும் தடுக்கக் கூடாது.

"சரித்தா, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வச்சுக்கோ" என்றார் மதினி.

மதினிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சுற்று வட்டாரத்தில் பயராபீசோ தீப்பெட்டி ஆபீசோ இருக்கக் கூடாது. "அடுப்பு மூட்டுனா நிம்மதியா மூட்டணும். காத்து எங்கிட்டு அடிக்குன்னு பார்த்துக்கிட்டே என்னால கிண்ட முடியாது." இந்தக் கணக்குப்படி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமெல்லாம் அடிபட்டுப் போனது. இவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் கூட வேலை செய்யும் நண்பருக்கு மல்லாங்கிணற்றைத் தாண்டி, காரியாபட்டி போகும் பாதையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நாலு வேப்பமரம், கிணறு, மோட்டார் ரூம். சாவியைக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் கடைசி சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சிவகாசியில் கிளம்பினோம். வாடகைக்கு ஒரு டாடா ஏஸ், போக மட்டும் அறுநூறு ரூபாய். விருதுநகர் வழியாக 44 கிலோமீட்டர். முன்னால் நானும் தர்ஷினியும், பின்னால் சட்டி பானைகளோடு மற்ற மூவரும். விருதுநகரில் காய்கறி வாங்க நிறுத்தியபோது டிரைவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அண்ணன் பின்னாலிருந்து பதறி இறங்கி வந்தார்.

"தம்பி, அதக் கீழ போட்டுருங்க."

"என்னண்ணே, பட்டாசு லோடா ஏத்தியிருக்கீக? சட்டி பானைதான?"

"பளக்கம் தம்பி. அந்த வாடை வந்தாலே எனக்குக் கால் தன்னால வாசலப் பார்த்து ஓடுது."

டிரைவர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

ஒன்பதரைக்குத் தோட்டம். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் அல்வாவாகக் கிடந்தது. வண்டி மண்பாதையில் இறங்காது என்று டிரைவர் தார் ரோட்டிலேயே எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். சாமான்களை இரண்டு நடையாகச் சுமந்தோம். ரோட்டிலிருந்து தோட்டம் முந்நூறு அடிதான், ஆனால் செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகிவிடும். மழைக்காலத்தில் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எடுத்து வைத்திருந்தேன். வெங்காயமும் தக்காளியும் வதக்கி மிளகாய்ப்பொடி போட்ட தொக்கு ஒரு டப்பா. வறுத்த ரவை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு கிலோ, முட்டை பன்னிரண்டு, கத்திரிக்காய், கருப்பட்டி, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், கொசுவத்தி, தார்ப்பாய். ஃப்ளாஸ்கில் பால், பையில் நாலு பாக்கெட் பிஸ்கட். மோட்டார் ரூமுக்குள் காய்ந்த பருத்திமார், அதாவது பஞ்செடுத்த பிறகு மிஞ்சும் செடித்தண்டு, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. வேலிக்கருவை விறகும் இருந்தது. மதினி மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினார். பானையின் வெளிப்புறம் முழுக்க ஈரமண்ணைப் பூசினார். இது நல்ல யோசனை. கரி பானையில் பிடிக்காது, கழுவினால் மண்ணோடு போய்விடும்.

"தீப்பெட்டிய எடு, தாயி" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார்.

என் வீட்டில் கேஸ் அடுப்புக்கு லைட்டர்தான். மதினியும் அண்ணனும் வருஷக்கணக்காக உடம்பில் தீப்பெட்டி வைத்துக்கொண்டதே இல்லை. ஆபீஸ் வாசலில் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். சிவகாசிக்காரர்களிடம் தீப்பெட்டி இல்லாமலா இருக்கும் என்று ஆளாளுக்கு மற்றவரை நம்பியிருக்கிறோம். இவர் மட்டும் சட்டென்று எழுந்து போய்ப் பையைக் குடைந்து, தர்ஷினி விளையாடக் கொண்டுவந்திருந்த ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்தார். இவர் அச்சகத்தில் அடிக்கும் தீப்பெட்டி லேபிள்.

"லேபிள் இருக்குக்கா."

"அத எடுத்து அடுப்புல ஒட்டுலே, பத்திக்கிடும்" என்றார் மதினி.

டிரைவரைச் செல்போனில் கூப்பிட்டோம். சிக்னல் இல்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது, இரண்டரை கிலோமீட்டர். அது பூட்டிக் கிடந்ததும், அங்கிருந்து அடுத்த ஊருக்கு நடந்ததும் அவர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

பத்தரைக்கு ஃப்ளாஸ்க் பால் தீர்ந்தது. பாக்கெட் பால் இருந்தது, காய்ச்ச வழியில்லை. சரி, பிஸ்கட் இருக்கிறதே என்று திரும்பினால், பைக்குள் ஒரு வெள்ளாடு தலையை விட்டிருந்தது. நாலு பாக்கெட்டும் காலி. ஆடு மேய்த்த பெண் கம்போடு ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அய்யய்யோ, கவரையும் சேர்த்துல்ல தின்னுருக்கா! மன்னிச்சுக்கோங்க அக்கா."

"பரவால்ல. உங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா?"

"எங்கிட்ட ஏது? எந்த ஊரு நீங்க?"

"சிவகாசி."

அவர் என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "சிவகாசியில இருந்து வந்து எங்கிட்டத் தீப்பெட்டி கேக்கீகளாக்கும்!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் தோள் குலுங்கியது. மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்னால் முடியவில்லை. எனக்குள் ஒரே கணக்கு: கடைசியாகப் பால் குடித்தது பத்தரை.

பதினொன்றரைக்குத் தர்ஷினி பால் கேட்டாள். இல்லை என்றேன். பிஸ்கட் கேட்டாள். ஆடு தின்றுவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மதினி அவளைக் கூட்டிப்போய் ஈரமண்ணில் உட்கார வைத்து, சட்டி செய்து கொடுத்தார். நான் கிணற்றுக்கும் அவளுக்கும் நடுவில் காவல் நின்றேன். ஒரு மணிக்கு அவள் மண் கையோடு எழுந்து வந்தாள்.

"அம்மா, பசிக்குது."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் கொடுக்க ஒன்றுமில்லை. அரிசி இருந்தது, கிழங்கு இருந்தது, எல்லாம் பச்சையாக. பழம் வாங்கியிருக்கலாம், தோன்றவில்லை. ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்தேன்; கடித்துப் பார்த்துத் துப்பினாள். "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று இவரிடம் கேட்டேன். இவர் அண்ணன் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றே முக்காலுக்கு அண்ணன் வந்தார். தீப்பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, அதன் நுனியைப் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளியே தூக்கி வந்தார்.

"சட்டைப் பையில வச்சிருக்கலாம்ல அண்ணே?"

"கை வரமாட்டேங்குது தாயி. வாசல்ல ஆளு நின்னு தடவுற மாதிரியே இருக்கு."

இவர் அதை வாங்கி லேபிளைத் திருப்பிப் பார்த்து, "நம்ம அடிச்சதுதான். நீலம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்றார். மதினி பிடுங்கிக்கொண்டார்.

பருத்திமார் படபடவென்று பிடித்து உடனே அடங்கிவிடும். பற்றவைக்க மட்டும்தான் அது. மேலே கருவை விறகை வைத்தால் அரைமணியில் நல்ல கங்கு கிடைக்கும். பாலைக் காய்ச்சத்தான் நான் முதலில் ஓடினேன். மதினி என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். "பாலக் குடுத்துப் பசியக் கெடுத்துறாத. கெளங்கு வேகட்டும்." நான் வாக்குவாதம் செய்தேன். இவர் முதல்முறையாக அக்கா பக்கம் பேசினார். நான் பாத்திரத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

கிழங்கைக் கழுவி, தோலோடு கங்குக்குள் புதைத்து, மேலே சாம்பலை மூடினோம். முக்கால் மணி நேரம். பக்கத்துக் கல்லில் தக்காளிச் சோறு: தொக்கைப் பானையில் போட்டு, மூன்று டம்ளர் அரிசிக்கு ஏழரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசியும் உப்பும் போட வேண்டியதுதான். முக்கால் பதம் வெந்ததும் விறகை இழுத்துவிட்டு, மூடி மேல் கொஞ்சம் கங்கை அள்ளி வைத்தால் உதிரியாக வரும். எங்களுடையது அடியில் லேசாகப் பிடித்தது. அதற்கும் போட்டி இருந்தது.

மதினி கிழங்கைப் பிளந்து, ஒரு வேப்பங்குச்சியில் குத்தி ஆறவைத்தார். நான் ஊதி, பிசைந்து, உருட்டி ஊட்டத் தயாராகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"ஏத்தா, நீ இங்கன வா. அங்கிட்டுத் திரும்பி ஒக்காரு."

"எதுக்கு மதினி?"

"நீ அவ வாயவே பார்த்துக்கிட்டு இருந்தா அவ எப்படித் திம்பா? உன்னைய ஒருத்தி முறைச்சுக்கிட்டே இருந்தா நீ திம்பியா? திரும்பு."

திரும்பி உட்கார்ந்தேன். என் எதிரே கரிசல் காடு, தூரத்தில் மின்கம்பம். முதுகுக்குப் பின்னால் தர்ஷினி. முதலில் "சுடுது" என்று ஒரு சத்தம். பிறகு ஊதும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. திரும்பப் போனேன், மதினி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெல்லும் சத்தம் கேட்டது. நாலு வயதுப் பிள்ளை கிழங்கு மெல்லுகிற சத்தம் பெரிய சத்தமொன்றும் இல்லை. எனக்குக் கேட்டது.

"அத்தை, இன்னொண்ணு" என்றாள்.

ஒரு முழுக் கிழங்கும் இன்னொன்றில் பாதியும். தக்காளிச் சோற்றில் அடிப்பிடித்த பகுதியாகப் பார்த்துப் பொறுக்கி நாலு வாய். வாயெல்லாம் கரி.

ஆறே முக்கால் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது. நாங்கள் ரோட்டுக்குப் போகவில்லை. கங்கில் மறுபடி புதைத்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தோம். தர்ஷினி பஸ்ஸுக்குக் கையாட்டினாள். வாய் நிறைய இருந்ததால் டாட்டா சொல்லவில்லை.

ராத்திரிக்கு அவித்த முட்டையும், தணலில் சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்துச் சின்ன வெங்காயத்தோடு பிசைந்ததும். காலையில் ரவை உப்புமா, கருப்பட்டிக் காப்பி. மோட்டார் ரூம் மாடியில் தார்ப்பாய் கட்டித் தூங்கினோம். மற்றவர்கள் தூங்கினார்கள் என்று சொல்வதுதான் சரி. திரும்பும்போது பஸ். விருதுநகரில் மாறிச் சிவகாசி, இரண்டு மணி நேரம்.

போகிறவர்களுக்கு: தொக்கு, வறுத்த ரவை இரண்டும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். தீப்பெட்டி இரண்டு, வேறு வேறு பையில், பாலிதீன் கவரில். பழம் கட்டாயம். எங்கே தங்கினாலும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு மூட்டுங்கள்; கிளம்பும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். அண்ணன் மூன்று குடம் ஊற்றினார், பிறகு கையை வைத்துப் பார்த்தார். பட்டாசு ஆலைப் பக்கம் என்றால் அடுப்பே வேண்டாம், கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பிடாத பிள்ளைக்கு என்ன சமைக்கலாம் என்றும் ஒருவர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தர்ஷினி ஒருநாள் இரண்டு இட்லி சாப்பிடுகிறாள், ஒருநாள் அரை இட்லியோடு ஓடிவிடுகிறாள். தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்காருங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிவது. பழக நாளாகும். நேற்றுகூட நான் இரண்டு தடவை திரும்பிவிட்டேன்.