லாபம், ரெண்டு, மூணு

என் கணவர் கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். அங்கே நடன அறையை மூடியபோது, தூக்கிப் போட இருந்த இசைத்தட்டைச் சுழலவிடும் இரண்டு டர்ன்டேபிள்களையும், டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான கொட்டு இசைத்தட்டுகள் ஒரு பெட்டியையும் கேட்டு வாங்கி, கார்கோவில் ஆலங்குடிக்கு அனுப்பிவிட்டார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் டிவி வந்தது, எங்கள் வீட்டுக்கு இது வந்தது. லீவில் வந்தவர் மாதம் முழுக்க அதன் முன்னால்தான் நின்றார். ஒரு தட்டு முடியும் முன் அடுத்த தட்டை அதே வேகத்தில், அதே அடியில் சேர்த்துவிட வேண்டும். கேட்பவருக்கு மாறியதே தெரியக் கூடாது. அவருக்கு ஒரு தடவைகூட அமையவில்லை. "நீ பழகி வையி, அடுத்த லீவுல நான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த லீவு தள்ளிப்போனது. அதற்கடுத்ததும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அடுத்த தட்டுக்கு ஒரு காதில் ஹெட்போன், ஓடுகிற தட்டுக்கு மறு காதில் ஸ்பீக்கர் என்று நிற்பேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, மேலும் கீழும் தள்ளுகிற ஒரு பித்தான் உண்டு. அதை மயிரிழை கூடத் தள்ளினாலும் போச்சு. ஒரே உரலில் இருவர் முறை தப்பி உலக்கை போட்டதுபோலத் தடதடக்கும். "மோட்டாரு தண்ணியில்லாம ஓடுது பாரு ஆத்தா, அமத்து" என்பார் மாமியார், கொல்லையில் கடலை உரித்தபடி. நல்ல மனுஷிதான். ஆனால் இதைப் பற்றிப் பேச ஊரில் எனக்கு ஓர் ஆள் கிடையாது.

வேகம் பிடிபட்ட பிறகும் இரண்டாவது தட்டு எப்போதும் கொஞ்சம் பிந்தியே விழுந்தது. கையைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். குற்றம் வாயில் இருந்தது. என் அப்பா வீட்டில் நெல் அளந்தாலும் கடலை அளந்தாலும் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். நானும் அடியை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. லாபத்தைச் சொல்லி முடித்து, கையால் பிடித்து நிறுத்திய தட்டை விடுவதற்குள் அடி போய்விடும். ஒன்று என்று மாற்றிப் பார்த்தேன். நாக்கு வளையவில்லை, என்னவோ நட்டத்துக்குத் தொடங்குவதுபோல் இருந்தது. கடைசியில் 'லா'வை முன்கூட்டியே இழுத்து, 'பம்'மில் கையை எடுத்தேன். இரண்டும் ஒன்றாக விழுந்தன. முதல் தட்டு அடங்கி அடுத்தது ஏறும்வரை பிசகவே இல்லை. தனியாக நின்று சிரித்தேன். பிறகு, யாரிடம் காட்டுவது என்று அழுகை வந்துவிட்டது.

அவருடைய ஓய்வு நாளில் போன் வந்தது. "ஒண்ணும் பேசாம கேளுங்க" என்று சொல்லி, போனை டர்ன்டேபிள் பக்கத்தில் வைத்தேன். வாய்விட்டு எண்ணினேன், தட்டை விட்டேன். அன்று அமைந்ததுபோல் என்றும் அமைந்ததில்லை. முழுதும் முடித்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"கேட்டுச்சாங்க?"

"பாட்டு எதுவும் கேக்கலியே. இந்தப் போனு மத்த சத்தத்தையெல்லாம் அமுக்கிப்புடுது. ஒன் கொரல் மட்டுந்தான் லாபம், ரெண்டுன்னு வந்துச்சு. என்ன புள்ள, நெல்லா அளக்குற?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"யாருக்கு?"

"நமக்குத்தாங்க."