என் மனைவி கன்டனீசில் இறந்த காலம்

என் மனைவியை நான் கன்டனீசில் சாகடித்தேன். தமிழில் அவள் நன்றாகவே இருந்தாள். பிரெஞ்சிலும், நகரசபைப் பதிவுகளின்படி, உயிரோடுதான் இருந்தாள். லண்டனில், தமக்கை வீட்டில், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு... கன்டனீசில் மட்டும் அவள் இல்லை. அவளுக்கு ஊதுபத்திகூடக் கொளுத்தியாகிவிட்டது.

நீங்கள் சிரிக்கலாம். நானும் பலகாலம் சிரித்துப் பார்த்தேன்.

அவள் போனது 2009இல். அந்த வருடம், பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் யாராவது யாரையோ இழந்திருந்தார்கள். கத்தரிக்காய் விலை கேட்பவன்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். அந்தத் தெருவில் நின்றுகொண்டு, பெண்சாதி கோவித்துக்கொண்டு போய்விட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? என் துக்கத்துக்கு அங்கே வரிசையில் இடமில்லை.

ஏன் போனாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு துணிவு வராது. அவளுடைய தம்பி வன்னியில் இருந்தான். தகவல் நின்றுபோய்ச் சில மாதங்கள். வீட்டுக்கு வந்திருந்த ஒருவரிடம் அவனைப் பற்றிச் சொன்னேன்: "நல்ல பெடியனா இருந்தவன்."

தேத்தண்ணீரோடு வந்த ராஜி நின்றாள்.

"இருந்தவனோ?" என்றாள்.

நான் ஒரு பகிடி விட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். பகிடி எனக்குப் பழக்கமல்ல, வியாதி. இரண்டு கிழமை கழித்து அவள் லண்டனுக்கு ரயிலேறினாள்.

பிறகு எல்லோரும் கேட்டார்கள். "அண்ணை, அக்கா எங்கை? காணேல்லை?" தமிழ் எனக்குப் பாதுகாப்பில்லாத மொழியாகிவிட்டது. வேலையிடத்தில் பிரெஞ்சிலும் கேட்டார்கள். ஆகவே யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியாத மொழி ஒன்றைத் தேடினேன். நூலகத்தில், ஹொங்கொங் சீனர்கள் பேசும் கன்டனீசுக்குத் தொடக்கநிலை இறுவட்டு ஒன்று தூசியோடு கிடந்தது. மனைவி பிரிந்த நடுத்தர வயதுக்காரர்கள் குடிக்கிறார்கள், அல்லது கோயில் நிர்வாகத்தில் சேர்கிறார்கள். நான் கன்டனீஸ் படித்தேன்.

நாலைந்து பாடம் தாண்டியதும் இறந்தகாலம் வந்தது. கன்டனீசில் வினைச்சொல் உருமாறாது. 'போ' என்றைக்கும் 'போ'தான். முடிந்துவிட்டதைக் காட்ட, பின்னால் 'ஸோ' என்று ஒட்டவேண்டும். 'ஹொய் ஸோ' என்றால் போயிருக்கிறான், இன்னும் திரும்பவில்லை. 'ஹொய் க்வோ' என்றால் ஒருகாலத்தில் போனவன். ஆள் திரும்பி வந்தாயிற்று. இன்னும் நடக்காததற்கு 'மெய்'. எனக்கு அது பிடித்துப்போயிற்று. போனவன் வந்தானா இல்லையா என்பதை ஒற்றை அசையில் சொல்லிவிடுகிற மொழி... நம்மிடம் 'காணாமல் போனான்' என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தக் காலம்?

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துப் பக்கம் மேடம் லாம் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருந்தார். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். பாரிஸில் சேலைச் சட்டை வெட்டத் தெரிந்த ஒரே மனுஷி அவர்தான் என்பது ராஜியின் தீர்ப்பு. ராஜி போனபின் நான் மெலிந்துவிட்டேன். காற்சட்டையின் இடுப்பைச் சுருக்கக் கொடுக்கப் போனேன். மேடம் லாம் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தாய்தாய்?"

நம் காதுக்கு இரண்டு தாய். அவர்களுக்கு மனைவி.

படித்ததைக் காட்டக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "தாய்தாய் ட்சௌ ஸோ."

'ட்சௌ' என்றால் புறப்படுதல். புறப்பட்டுவிட்டாள், இன்னும் திரும்பவில்லை. இலக்கணத்தில் பிழையே கிடையாது. ஆனால் ஊர்ப் பெயர் எதுவும் சேர்க்காமல், இப்படியொரு முகத்தையும் வைத்துக்கொண்டு சொன்னால், அதை அவர்கள் சாவு என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதை இறுவட்டு சொல்லவில்லை. நாம் 'ஆள் போயிட்டார்' என்கிறோமே, அதுபோல. ட்சௌ... சாவு... என் காதாவது எச்சரித்திருக்க வேண்டாமா!

மேடம் லாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் குற்றம் அதுதான். விளங்காமல் செய்ததை யாரும் மன்னிப்பார்கள். நான் விளங்கிய பிறகும் கையை இழுத்துக்கொள்ளவில்லை... ராஜி போன நாளிலிருந்து என்னை ஒருவர் தொட்டது அப்போதுதான்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் போனேன். கதவைத் திறந்ததும் கேட்பார்: "சிக் ஸோ பான் மெய்?" சாப்பிட்டாயிற்றா, இன்னும் இல்லையா? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், "மெய்" என்று பொய் சொல்வேன். சூப் வரும். தாமரைக்கிழங்கு போட்டது, பூசணி போட்டது, பெயர் தெரியாத வேர்கள் போட்டது. நான் குடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

வசந்தத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாள் அவர்களுக்கு உண்டு. என் மனைவியின் பெயரைக் கேட்டார். அவருக்கு ரகரம் வராது. ராஜி 'லாச்சி' ஆனாள். கடை மூலையிலிருந்த சிவப்பு மாடத்தில் லாச்சிக்கு ஒரு தோடம்பழமும் ஊதுபத்தியும். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். தெருவுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. லண்டனுக்கு அழைத்தேன்.

"சுகமோ?"

"ஓம். ஏன் திடீரெண்டு?"

"சும்மா."

பிறகு ஒவ்வோர் ஊதுபத்திக்கும் ஓர் அழைப்பு. எங்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சே அவ்வளவுதான்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் அவளே அழைத்தாள். "சார்செல்லிலை ஒரு கலியாணம், வாறன். மேடமிட்டை ஒரு சட்டை குடுக்கவேணும். கடை இருக்குதோ?"

அந்த மனுஷி செத்துப்போனா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எனக்குக் கைவந்த கலை அல்லவா... "இருக்குது," என்றேன்.

அவள் வருவதற்கு முதல்நாள் கடைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மென்றுகொண்டே போனேன். 'செய்' என்றால் சாதல். 'மெய்', இன்னும் இல்லை.

"லாச்சி மெய் செய்," என்றேன். லாச்சி இன்னும் சாகவில்லை.

தமிழாக நினைத்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மெய் செய்! என் வாயே எனக்கிட்ட உத்தரவு. ஆனால் எவ்வளவு காலம் தாழ்த்தி...

மேடம் லாம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முழங்கையைத் தட்டிக்கொடுத்து, பிரெஞ்சில், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல, "ஆமாம், ஆமாம். இன்னும் இல்லை," என்றார். துக்கம் என் மூளையைத் தொட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். சூப் எடுத்துவர உள்ளே போனார்.

அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. ஒருவர் 'இன்னும் சாகவில்லை' என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் இப்படித்தான் தலையாட்டுவார்... அந்த மாதங்களில் ராஜி தம்பியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நானும் இப்படித்தான் தலையாட்டியிருப்பேன். நல்ல மனத்தோடு. அதனால் என்ன?

சூப் வந்தது. விளக்கிச் சொல்லாமல் குடித்தேன்.

மறுநாள் ராஜி கடைக்குப் போனாள். நான் போகவில்லை. உடன்போய் நிற்பதற்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும். நான் வீட்டில் இறுவட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் கதவைத் திறந்தபோது மேடம் லாம், "போன்ஜூர், முஸியு," என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கவில்லை. கொண்டுபோன காற்சட்டையை நீட்டினேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். மாடத்தில் ஒரு தோடம்பழம் இருந்தது. யாருக்கு என்று கேட்க இலக்கணம் இருந்தது, முகம் இல்லை. அந்தச் சூப்பை இனி நான் 'க்வோ' போட்டுத்தான் சொல்லவேண்டும்: ஒருகாலத்தில் குடித்தவன்.

அன்று மாலை லண்டனுக்கு அழைத்தேன். ஊதுபத்தி இல்லாமல் முதல் அழைப்பு.

"ராஜி... உன்னைப் பற்றிச் சொன்னது ஒரு பக்கம். அண்டைக்குத் தம்பியைப் பற்றி நான்..."

அவள் பக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"மேடம் சொன்னவ," என்றாள் ராஜி, "நான் செத்த பிறகு உங்கடை இடுப்பு ரெண்டு இஞ்சு கூடியிருக்காம்."