ஆட் செய்த பிறகு திருத்திய கோப்பு

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் புரோகிராமராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் பாதி, மற்றவர்கள் கமிட் செய்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதிலேயே போயிற்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1. ஆட் டாட்

என் அணியில் ஜெபா என்று ஒருவன். பாறசாலைக்காரன், நாற்பதை நெருங்குகிறவன், நல்ல வேலைக்காரன். ஒரே ஒரு வியாதி. புரோகிராமில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் கமிட் செய்யும் முன், அதாவது பதியும் முன், எந்த மாற்றங்கள் பதிவாக வேண்டும் என்று பொறுக்கி எடுத்து வைக்க வேண்டும். அதுதான் ஸ்டேஜிங். இவனுக்குப் பொறுக்கப் பொறுமை கிடையாது. "ஆட் டாட்" என்று ஒரே கட்டளை அடித்து ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் ஒரேயடியாக அள்ளிப் போட்டுவிடுவான். அவன் மகளின் ஞானஸ்நான அழைப்பிதழ், ஒரு மருத்துவமனை மென்பொருளின் சரித்திரத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

"கமிட்டுக்கு முன்னாடி என்ன போறதுன்னு ஒரு தரம் பாரேன்டா! கண்ணு எதுக்கு இருக்கு?" என்பேன்.

"பாக்கேன் அக்கா" என்பான். பார்க்க மாட்டான்.

2. நாலு மணிக்குள்

அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் மெஷின்கள் சிலவற்றைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை வர வேண்டிய நோயாளிகளை மதியம் இரண்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள். அதை அவர்களுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டியது எங்கள் மென்பொருள். நேரம் மாறினால் செய்தி அனுப்பும் வசதி அதில் அதுவரை இல்லை. அன்றுதான் சேர்த்தோம்.

மேனேஜர் சாஜன் வந்து நின்றார். "நாலு மணிக்கு முன்ன லைவ் ஆகணும், கேட்டோ. எல்லாம் தூரத்துலேந்து வர்ற ஆளுங்க."

இதை ஜெபாவிடம் விட எனக்கு மனம் வரவில்லை. "நீ தள்ளு, நானே பண்றேன்" என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சோதனை நேரத்தில் உண்மையான நோயாளிகளுக்குச் செய்தி போய்விடக் கூடாது என்று, எல்லாம் என் கைப்பேசிக்கே வரும்படி செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரி போட்டிருந்தேன். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் அடித்து ஆட் செய்தேன். அவன் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே நிதானமாக அடித்தேன். செட்டிங்ஸ் கோப்பையும் ஆட் செய்து முடித்த பிறகுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. கோப்பைத் திறந்து, வரியை நீக்கி, சேவ் செய்தேன்.

பின்னால் நின்ற ஜெபா கேட்டான். "அக்கா, திருத்தினதுக்குப் பொறவு திரும்ப ஆட் பண்ணண்டாமா?"

"ஆட் டாட் ஆசாமி எனக்குப் பாடம் எடுக்கறியா? சும்மா இரு, மணி மூணே முக்கால் ஆறது."

நான் கமிட் செய்து, மருத்துவமனை சர்வருக்குப் போகும்படி புஷ் செய்தேன்.

அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆட் செய்யும் நொடியில் கோப்பு எப்படி இருந்ததோ, அப்படியேதான் கமிட்டில் போகும். போட்டோ எடுத்த பிறகு தலை வாரி என்ன பயன்? எதிரே இருந்த கணினியில் அந்த வரி இல்லை. கமிட்டாகிப் போன பிரதியில் இருந்தது.

கைப்பேசி சைலன்ட்டில், கைப்பைக்குள். நாலரை பஸ்ஸில் கிழக்கேகோட்டை வந்து, காய்கறி வாங்கிக்கொண்டு, கரமனை பஸ் பிடித்தேன். வீட்டில் பையைத் திறந்து பார்த்தால் முப்பத்தொரு செய்திகள். எல்லாம் "உங்கள் டயாலிசிஸ் நேரம்" என்று தொடங்குபவை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது.

ஜெபாவும் சாஜனும் நானும் பெயர்களைப் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். முப்பது பேர் எடுத்தார்கள். செல்லையன் என்பவரின் போன் மட்டும் அணைந்திருந்தது. ஜெபா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை.

3. காலை ஏழு மணி

மறுநாள் காலை செல்லையனைத் தேடி மருத்துவமனைக்குப் போனேன். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே ஒருவர் வீங்கிய கால்களைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டேன், செல்லையன்தான். மூன்று நாளாகத் தண்ணீரை அளந்து குடித்துவிட்டு, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். மதியம் வரை மெஷின் இல்லை என்று நர்ஸ் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செய்தி அனுப்பும் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வரல்ல மக்களே. ராத்திரி சார்ஜ் நிக்காது, ஆஃப் ஆயிரும். ஆனா சாயங்காலம் வரை போனு கையிலதான் இருந்து."

நாலு மணிக்கு ஒழுங்காகப் போயிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும். வேறு வழி தெரியாமல் என் கைப்பேசியை நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"என் பேருதான். நாலு மணிக்கே வந்திருக்கே. பின்ன நீங்க பாக்கல்லியா?"

"பையில வச்சிருந்தேன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணின்னா, இனி எத்தற நேரம்?"

கமிட்டுக்கு முன் ஸ்டேட்டஸ் என்று அடித்து, கிட் காட்டும் பட்டியலைப் பாருங்கள். ஒரே கோப்பு ஆட் ஆன பட்டியலிலும் ஆகாத பட்டியலிலும் சேர்ந்து தெரிந்தால், நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்பவர் ஏதாவது கேட்டால், அவர் எப்பேர்ப்பட்ட ஆட் டாட் ஆசாமியாக இருந்தாலும், பதில் சொல்லிவிட்டு அடியுங்கள். எனக்கு அது அரை நிமிஷ வேலை. செல்லையனுக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று.