முகமூடிக்குப் பூசிய திருநீறு

வீடு மாறுகிறோம். இந்த நாட்டில் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? சுவரில் ஓர் ஆணி ஓட்டை தெரிந்தாலும் பார்க்க வருபவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். "இஞ்சாருங்கோ, டூத் பேஸ்ட் வைச்சு அடையுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்று மனைவி குழாயை நீட்டினாள். விரலில் வெள்ளையைத் தொட்டு ஓட்டையில் தேய்த்தேன். புதினா மணம். முழங்கால் வேறு வலி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொனிஃபாஸின் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டின் லுசேர்ண் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் நான் சாப்பிட்ட கோப்பையை அம்மாதான் கழுவினார். இங்கே அரை ஐரோப்பா சாப்பிட்டதை நான் கழுவினேன். கணக்குச் சரிதான். மேல்மாடியில் வேலையாட்களின் அறையில் மூன்று கட்டில். ஒன்றில் நான், அடுத்ததில் சமையல் உதவியாளர் தவம் அண்ணை, மூன்றாவதில் பொனிஃபாஸ். அவன் சயீர் நாட்டின் கிழக்குக் காட்டுப் பக்கம், லெகா சனம். என் வயதுக்காரன். என்னைப்போலவே அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்தவன். எங்கள் இருவரின் டொச்சு, அதுதான் ஜெர்மன் மொழி, சமையலறையில் பிறந்தது. சட்டி, கத்தி, சீக்கிரம் என்பவற்றைத் தாண்டினால் மிச்சத்தைக் கையால்தான் பேசினோம்.

அவனுடைய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு மர முகமூடி இருந்தது. விரித்த கையளவு. உட்குழிந்த முகம், கீறிவிட்டதுபோல் கண்கள், தாடிக்கு நார். முகத்தில் பூசிய வெள்ளைக் களிமண் பாதி உதிர்ந்திருந்தது.

"உது முகத்தை மூடவே காணாது, பிறகென்ன முகமூடி?" என்றார் தவம் அண்ணை.

முகத்தில் போடுவதற்கல்ல, கையில் பிடிப்பதற்கு, வேலியில் கொழுவுவதற்கு என்று பொனிஃபாஸ் விளக்கினான். அவர்களுடைய பெரியவர்களின் சபையில் தாய்மாமன் எட்டிய படிக்கு அது அடையாளமாம். அவருக்குப் பிறகு உரிய இன்னொருவர் கைக்குப் போகும். சண்டை நெருங்கியபோது பத்திரமாக வைத்திரு என்று மாமன் இவனிடம் கொடுத்திருக்கிறார். "என்னுடையது இல்லை, என் கையில் இருக்கிறது" என்பான். ஹோட்டலுக்கு வந்த ஒரு விருந்தாளி கேள்விப்பட்டு விலைக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

ஒரு நாள் மத்தியான வேலை முடிந்து அறைக்கு வந்தால், அவன் மடியில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தான். மாமன் செத்துவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி. போக வழியில்லை. இதற்குப் புதிதாக வெள்ளை பூசி வைக்க வேண்டும் என்றான். அது ஊர் முறையா, அவன் மன ஆறுதலா என்று நான் கேட்கவில்லை. லுசேர்ணில் வெள்ளைக் களிமண்ணுக்கு எங்கே போவது? கோதுமை மாவைக் கரைத்துப் பூசினான். காய்ந்ததும் வெடித்து விழுந்தது. பிறகு பற்பசை.

"இப்ப உவருக்கும் பல்லு விளக்கியாச்சு" என்றார் தவம் அண்ணை. பொனிஃபாஸ் சிரிக்கவில்லை. ஈரத் துவாயால் மெதுவாகத் துடைத்தெடுத்தான்.

என் தலையணைக்குக் கீழே ஒரு கடதாசிச் சரை இருந்தது. அம்மா இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபின், அங்கே ஏதோ ஒரு கோயிலில் வாங்கி, கொழும்பு வழியாக வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய திருநீறு. அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அதை எடுத்து அவனிடம் நீட்டினேன். ஏன் கொடுத்தேனோ தெரியாது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சிட்டிகைதான் எடுப்பான் என்று நினைத்தேன். தண்ணீரில் குழைத்துப் பூசப் பூச மரம் குடித்துக்கொண்டே இருந்தது. சரை காலி.

தவம் அண்ணை சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் முகமூடியைக் கொழுவினான்.

"முருகா, பக்கத்திலை புது ஆள், பார்த்துக்கொள்" என்று தவம் அண்ணை கும்பிட்டார்.

சில வாரங்களில் எனக்கும் செய்தி வந்தது. அம்மா காய்ச்சலில் போய்விட்டார், மருந்து கிடைக்கவில்லை என்று. தகனமும் முடிந்திருந்தது. கொள்ளி வைக்கவேண்டிய பிள்ளை கோப்பை கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முழுகிப்போட்டு வா தம்பி. திருநீறு பூசி ஒரு விளக்காவது வைப்பம்."

"அம்மா தந்தது முடிஞ்சுது அண்ணை."

"அதுக்கென்ன, கடையிலை வாங்கினது என்னட்டைக் கிடக்கு."

"வேண்டாம் அண்ணை."

பொனிஃபாஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கையிலிருந்த வெறும் கடதாசி தெரிந்தது. எழுந்துபோய் முகமூடியைக் கழற்றினான். அதன் நெற்றியிலும் கன்னத்திலும் விரல்களை அழுத்தித் தேய்த்தான். தவம் அண்ணை காலையில் பூசுவதைத் தினமும் பார்த்தவனல்லவா, மூன்று விரலால் என் நெற்றியில் இழுத்தான். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. தவம் அண்ணை ஹோட்டல் மேசை மெழுகுதிரி ஒன்றை ஏற்றி வைத்தார்.

அடுத்த வருடம் பொனிஃபாஸின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முகமூடியைக் கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு பெல்ஜியம் பக்கம் போவதாகச் சொல்லிப் போனான். பிறகு தகவலில்லை. சயீர் என்ற பெயரில் இப்போது நாடே இல்லை. தவம் அண்ணையும் இல்லை. எங்கள் அறையில் இப்போது ஏரியைப் பார்க்க வருபவர்கள் தூங்குகிறார்கள். அம்மாவை எரித்த இடம் எதுவென்று சொல்லக்கூட ஆளில்லை.

"எல்லா ஓட்டையும் அடைச்சாச்சோ?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "ஓம்" என்றேன்.

அந்த முகமூடி உரியவர் கைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்க விருப்பம். இல்லாவிட்டால் எங்காவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கீழே சின்ன அட்டையில் 'மரம், நார், வெள்ளைக் களிமண்' என்று எழுதியிருப்பார்கள். எழுதியவருக்கு என் அம்மாவைத் தெரியாது.