பதினோரு சிவப்புச் சட்டைகள்

ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துப் பந்தாட்ட அணி என்றால், ஜப்பான் சண்டைக்கு முன்னால் போர்டிக்சன் டவுன் வரைக்கும் பேச்சு. மூன்று வருஷம் விடாமல் கோப்பை வாங்கிய அணி. அதற்கு அர்ச்சுனன்தான் கேப்டன். முழங்கால் பழுதானவன் என்று ஜப்பான்காரன் அவனை மட்டும் விட்டுவிட்டான். மற்ற பத்துப் பேரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை. அவர்கள் ஆடிய திடல் முழுக்க இப்போது மரவள்ளி.

அன்றைக்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அர்ச்சுனனைக் கூப்பிட்டு விட்டார்.

"புது ஜப்பான் ஆபீசருக்குப் பந்துன்னா உசுராம். அடுத்த மாசம் மேச்சு வச்சே ஆகணும். பழைய டீமைத் திரும்ப நிக்க வையி லா."

அரைவயிற்றுக் கஞ்சியில் எவன் ஓடுவான் என்று அர்ச்சுனனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஜப்பான்காரன் உத்தரவு. ஆளைப் பிறகு தேடலாம், முதலில் சட்டைகளைச் சேர்ப்போம் என்று திடலுக்கு நொண்டி நடந்தான். துணிப் பஞ்சம்; ரயில் பாதைக்குப் போனவர்களின் சிவப்புச் சட்டைகளை அவரவர் வீட்டுப் பெண்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோல் கம்பத்தடியில், போனவர்களில் ஒருவனான மணியத்தின் மனைவி பஞ்சாலை அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

"சட்டை வேணும் தங்கச்சி. டீமு மறுபடி ஆடப்போவுது."

பஞ்சாலை மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அவரு வந்து கேக்கட்டும்ண்ணே. அவரு கையிலயே குடுக்குறேன்."

அர்ச்சுனன் திடலைப் பார்த்தான். செடிகளுக்கு நடுவே இன்னும் ஒன்பது சிவப்புச் சட்டைகள் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தன. அவன் வேறு யாரிடமும் கேட்கவில்லை. பதினோராவது சட்டை அவன் உடம்பில்தான் இருந்தது. பஞ்சாலையின் கூடையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவனும் குனிந்தான்.