சிவசங்கரன் வீட்டு ஆறு மணிக் கொசு

ஈஜிபுராவில் எங்கள் எதிர்வீட்டுச் சிவசங்கரன், இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணப் பந்தியில் அப்பளம் வட்டமாக இல்லையென்று திருப்பி அனுப்பியவர், நானே பார்த்தேன்.

1997 மழைக்காலத்தில் அந்த மனிதரும் குழம்பிப்போனார். மகள் வைஷ்ணவி, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். அனுப்பும்போதே சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் பாப்போம். கொசு கடிச்சுதுன்னா ஞாயித்துக்கிழமையே தருண் வந்து கூட்டிட்டு வந்துடுவான்." தருண்தான் மாப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால், சிவசங்கரனின் மனைவி அம்புஜம் சொந்தக்காரர்கள் நடுவில் தலைகாட்ட முடியாது.

அவர் வீட்டில் ஒன்பது ஜன்னல், ஒன்பதுக்கும் கொசுவலை. வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷால் தூசி தட்டுவார். நூலிழை விலகினால் ஊசி எடுத்துத் தைப்பார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பூதக்கண்ணாடியோடு பின்னறையில் தொடங்கி ஒவ்வொரு வலைக்கண்ணாகப் பார்ப்பார்.

ஆனாலும் கொசு. சாதாரணக் கொசுவா? ஒன்று அவரைக் கட்டிலோடு இரண்டு அங்குலம் நகர்த்தியது. தரையில் தடம் இருந்தது. புதன்கிழமைக்குள் வைஷ்ணவியின் கையில் பதினோரு தடிப்பு.

வலை அடித்த தச்சர் சுந்தரமூர்த்தியை வரவழைத்தார்.

"ஓட்டையே இல்ல சார். காத்தே ரெண்டு தடவ யோசிச்சுதான் உள்ள வருது."

"அப்ப கொசு எப்படிய்யா வருது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

இருவரும் ஆளுக்கொரு காபி குடித்து இன்னும் குழம்பினார்கள்.

வியாழக்கிழமை, வலையை வெளிப்பக்கமிருந்து பார்ப்பதென்று ஆறு மணிக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. கொசுக்கள் கல்யாணத்துக்கு வந்த கூட்டம்போல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றிவிடாததுதான் குறை.

"அம்புஜம்! கதவ ஏன் தொறந்து வெச்சிருக்க?"

"விளக்கேத்தற நேரங்க. மகாலட்சுமி வரப்ப கதவ சாத்துவாங்களா?"

"தினமுமா?"

"கல்யாணமான நாள்லேருந்து. அரைமணி நேரம்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"முன்னல்லாம் ஃபேக்டரியில இருந்தீங்க. இப்ப ஜன்னல்ல கண்ண வெச்சிட்டு நிக்கறீங்க."

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார் மனிதர். கதவைச் சாத்தினால் லட்சுமி போய்விடுவாள். சாத்தாவிட்டால் மகள் போய்விடுவாள்.

வாசலுக்கும் ஒரு வலைக்கதவு போடலாம் என்றார், கூப்பிட்டதும் மறுபடி வந்த சுந்தரமூர்த்தி. அம்புஜம் ஒப்பவில்லை. "வலை கட்டினா அவ எப்படி உள்ள வருவா?" தரப் பரிசோதகரிடம் இதற்கு அளவுகோல் இல்லை.

வைஷ்ணவி கையைச் சொறிந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, மகாலட்சுமி என்ன கொசுவா, வலையில நிக்க?"

அம்புஜம் ஒரு இரவு முழுக்க யோசித்தாள். மறுநாள் வாசலில் வலையைப் பிடிக்கச் சொல்லி, தெருவில் நின்று உள்ளே பார்த்தாள். "விளக்கு தெரியுது. போதும், அடிங்க."

வெள்ளி இரவுக்குள் கதவு மாட்டியாயிற்று. ஞாயிறு மாலை சரியாக ஆறு மணிக்குத் தருண் வந்தார். வலைக்கதவைத் திறந்து பிடித்தபடி, "நல்லா இருக்கீங்களா மாமா? பஸ் ஓசூர்லயே..." என்று நிதானமாக ஆரம்பித்தார்.

மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "உள்ள வாங்க! கதவ சாத்துங்க!"

அந்த வீட்டில் மாப்பிள்ளையை அதுவரை யாரும் அதட்டியதில்லை. வரவேற்கிறார்களா விரட்டுகிறார்களா என்று புரியாமல் பையோடு உள்ளே குதித்தார். வைஷ்ணவி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். வெள்ளிக்குப் பிறகு புதுத் தடிப்பு ஒன்றுகூட இல்லை.

"நான் வரல. அத்தைகிட்ட சொல்லிடுங்க."

சிவசங்கரன் நடந்ததையெல்லாம் ஸ்டூலில் தொடங்கி விளக்கினார். தருண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் தனியாக ஊர் திரும்பித் தன் அம்மாவிடம் சொன்னாராம்: "அங்க கொசு இல்லம்மா. மகாலட்சுமிதான் தினமும் ஆறு மணிக்கு வராங்களாம். அதுக்குள்ள நாம கதவ சாத்திடணுமாம்."