முறுக்கின் ஒன்றுவிட்ட தம்பி

லண்டன் ஹரோவில் என் பக்கத்து வீட்டுக்காரர், வாய்க்குள் எது போனாலும் அதற்கு யாழ்ப்பாணப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிடுவார். அன்று அவருடைய மகள் எங்கள் இருவரையும் ஒரு ஸ்பானிய உணவகத்துக்குக் கூட்டிப்போனாள்.

உருளைக்கிழங்கு டோர்ட்டியா வந்ததும், "எங்கட முட்டைப்பொரியல்தான்" என்றார். பயேயாவைப் பார்த்து, "எங்கட இறால் சோறு. கறித்தூள்தான் காணாது" என்றார். எண்ணெயில் பொரித்துச் சீனி தூவிய சுரோஸ், முறுக்கின் ஒன்றுவிட்ட தம்பியாம். நரைத்த மீசையெல்லாம் சீனி.

மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, இதெல்லாம் சமைச்ச ஸ்பானியப் பெடியனைத்தான் நான் கட்டப்போறன்."

அவர் முகம் கறுத்தது. "அதெப்பிடி ஏலும்? அவங்கள் வேறை ஆக்களெல்லே!"

சொல்லிவிட்டு, முறுக்கின் ஒன்றுவிட்ட தம்பிகளில் இன்னொருவனை எடுத்துக் கடித்தார். எப்படி விழுங்கினார் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.